மௌனம் யாருடைய சொத்து? அமெரிக்கப் பனிக்காட்டு வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பனிக்காலம். அமெரிக்காவின் மேற்கே ஏதோ ஒரு மலைச்சரிவு. ஐடஹோ என்று வைத்துக்கொள்ளலாம், வயோமிங் என்றும் வைத்துக்கொள்ளலாம். இடுப்பளவுக்குப் பனி கிடக்கிறது. ஒருவர் கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கிறார். காலில் நீளமான ஸ்கீ மட்டைகள். பின்னால் வழுக்கிவிடாமல் இருக்க மட்டைகளின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறார். ஸ்கீ விடுதிகளில் ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே விடும் கம்பிவடம் இங்கே கிடையாது. மூன்று மணிநேரம் ஏறினால் பத்து நிமிடம் சறுக்கலாம். பாதி வழியில் கீழே எங்கோ ஓர் உறுமல். ஸ்னோமொபைல் வருகிறது. முன்பக்கம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்பக்கம் டாங்கிக்கு இருப்பது மாதிரி சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் எஞ்சின், அதன்மேல் மோட்டார் சைக்கிளில் உட்கார்வது போல ஓர் ஆள். இவர் மூன்று மணிநேரத்தில் ஏற வேண்டிய சரிவை அது சில நிமிடங்களில் ஏறுகிறது. குறுக்கும் நெடுக்குமாக உழுகிறது. போய்விடுகிறது. போகும்போது அந்த ஆள் கையசைத்துவிட்டும் போகக்கூடும். அவருக்கு இவர்மீது பகை ஒன்றுமில்லை. இவரால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தச் சரிவு தனியார் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே எல்லோருக்கும் சொந்தம் என்பது கணக்கு. அமெரிக்க வனத்துறையின் கையில் தேசியக் காடுகள் என்ற பெயரில் 19 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது. (தேசியப் பூங்காக்கள் தனி. அவற்றுக்கு வேறு துறை, வேறு விதிகள்.) இந்தக் காடுகளில் பனி விழுந்த பிறகு யார் எதைக்கொண்டு எங்கே போகலாம் என்று ஸ்கீக்காரர்களும் ஸ்னோமொபைல்காரர்களும் ஐம்பது ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடிதம், கூட்டம், வழக்கு, மேல்முறையீடு என்று போய்க்கொண்டே இருக்கிறது.

பனியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி, வசதிபடைத்த இரண்டு விளையாட்டுக் கூட்டம் அடித்துக்கொள்வதில் நமக்கென்னப்பா வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ‘பொது’ என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வழக்குகள் அதிகம் கிடைப்பதில்லை என்பதே என் பதில். பிழைப்பு, பசி என்கிற பெரிய விஷயங்கள் குறுக்கே வராததால் உரிமைப் பேச்சின் இலக்கணம் மட்டும் தனியாகத் தெரிகிறது.

2

தயாராக ஒரு வாசிப்பு இருக்கிறது. இயற்கை ஒருபக்கம், எந்திரம் மறுபக்கம். மௌனம் ஒருபக்கம், இரைச்சல் மறுபக்கம். ஸ்கீக்காரர்களின் துண்டறிக்கைகள் முழுக்க இந்த இருமை எதிர்வின் மேல்தான் நிற்கின்றன. கொஞ்சம் வரலாற்றைத் தட்டிப் பார்த்தாலே இது ஆட்டம் கண்டுவிடுகிறது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றொரு சிற்றூர். அங்கே ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சி முற்றி இறந்துபோனான். பாதையெல்லாம் பனி மூடிக் கிடக்க, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவர் கட்டிய வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் தபாலையும் சுமந்தன. 1959-இல் வந்த ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டிகூட வடகாட்டு வேட்டையாடிகளையும் மதபோதகர்களையும் மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டது. அது உல்லாசப் பண்டமானது பிறகு நடந்த கதை.

ஸ்கீயும் இதே கதைதான். அது ஸ்காண்டிநேவியக் குடியானவர்களின் கால். வேட்டைக்கும் விறகுக்கும் போனது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1856 தொடங்கி இருபது ஆண்டுகள் ஸ்கீயில் தபால் சுமந்த ‘ஸ்னோஷூ’ தாம்சன் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர். ஆக இரண்டு கருவிகளும் தபால்காரன் பிழைப்பில் ஆரம்பித்தவை. இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஸ்கீக்காரரின் மட்டையில் கார்பன் இழை இருக்கிறது, கழுத்தில் பனிச்சரிவில் புதைந்தால் இருப்பிடம் சொல்லும் அலைபரப்பி இருக்கிறது, மலையடிவாரத்தில் அவர் நிறுத்திவிட்டு வந்த பெரிய கார் இருக்கிறது. அவர் எந்திரத்தை விட்டு வந்தவரில்லை. எந்திரத்தைக் காது கேட்காத தூரத்தில் நிறுத்திவிட்டு வந்தவர்.

ஆகையால் இயற்கைக்கும் எந்திரத்துக்கும் சண்டை என்ற பேச்சை ஓரம் கட்டிவிடலாம். அப்படியானால் எதற்குச் சண்டை?

3

இதற்கு நல்ல பதில் தத்துவத் துறையிலிருந்து வரவில்லை, ஓய்வுநேர ஆய்வு என்ற, நம் பல்கலைக்கழகங்களில் யாரும் கேள்விப்படாத துறையிலிருந்து வந்தது. 1973-இலேயே நாப், டைகர் என்ற இருவர் இந்த இரண்டு கூட்டத்தின் மனப்பாங்குகளை ஒப்பிட்டு எழுதினார்கள். 1980-இல் ஜேக்கப்பும் ஷ்ரெயரும் மோதலுக்கு ஒரு வரையறை தந்தார்கள்: நான் எதை நாடி வந்தேனோ அதற்கு இன்னொருவரின் நடத்தை குறுக்கே நிற்பது. 1982-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஜாக்சனும் வாங்கும் இரண்டு தரப்பையும் கேட்டுப் பார்த்தார்கள். ஸ்கீக்காரர்களுக்கு ஸ்னோமொபைல் பெரிய இடைஞ்சல். ஸ்னோமொபைல்காரர்களுக்கோ ஸ்கீக்காரர் அநேகமாக இடைஞ்சலே இல்லை. சமச்சீரற்ற மோதல் என்று இந்தத் துறையில் இதற்குப் பெயர். அதாவது மோதல் ஒருவருக்கு மட்டும்தான் நிகழ்கிறது. மற்றவர் அந்த இடத்தில் மோதல் ஒன்று நடந்ததையே அறியாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது ஸ்னோமொபைல்காரர் வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: “இவ்ளோ பெரிய மலை, எல்லாருக்கும் எடம் இருக்கு, சேந்து இருப்போமே.” கேட்க எவ்வளவு தாராளமாக இருக்கிறது! எதிரே இருப்பவர் இல்லை, எங்களுக்கு மட்டும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள் என்கிறார். உடனே அவர் சுயநலக்காரர், மேட்டிமைக்காரர், பிறரைத் துரத்துபவர் ஆகிவிடுகிறார். சேர்ந்திருத்தலின் செலவு முழுதும் ஒருவர் தலையில் விழுகிறது. சேர்ந்திருத்தலின் புண்ணியம் மற்றவர் கணக்கில் ஏறுகிறது. ‘எல்லோரும் ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம்’ என்று சொல்பவர் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஸ்கீக்காரர் கேட்பதையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. அவர் கேட்பது மௌனம். மௌனம் என்றால் சத்தம் இல்லாமை, வெறும் இன்மை என்று தோன்றும். பொது நிலத்தில் மௌனம் தானாக இருப்பதில்லை. அது உற்பத்தி செய்யப்பட வேண்டியது. ஒரு வரைபடம் வேண்டும், அதில் ஒரு கோடு வேண்டும், கோட்டைத் தாண்டினால் அபராதம் போட ஓர் அதிகாரி வேண்டும். சத்தம் தன் எல்லையைத் தானே பரப்பிக்கொள்ளும். மௌனத்துக்கு அரசாங்கம்தான் வேலி கட்ட வேண்டும். ஸ்னோமொபைல்காரர் எஞ்சினால் இடம் பிடிக்கிறார் என்றால் ஸ்கீக்காரர் சட்டத்தால் இடம் பிடிக்கிறார். எந்த வர்க்கத்துக்குச் சட்டத்தின் மொழி கைவரும் என்பது அடுத்து வர வேண்டிய கேள்வி.

4

சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1972 பிப்ரவரியில் நிக்சன் 11644 எண்ணுள்ள நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். பொது நிலத்தில் சாலையை விட்டு ஓடும் வண்டிகளை எங்கெங்கே அனுமதிக்கலாம் என்று துறைகள் வரையறுக்க வேண்டும். வரையறுக்கும்போது மண்ணுக்கும் தாவரத்துக்கும் நேரும் சேதம், காட்டுயிர்களுக்கு நேரும் தொல்லை, மற்றப் பயனாளிகளோடு நேரும் மோதல் ஆகிய மூன்றையும் குறைந்தபட்சமாக்க வேண்டும். 1977-இல் கார்ட்டர் இதை இன்னும் இறுக்கினார். நிலம், நீர், மணல் ஆகியவற்றோடு பனியும் பெயர்சொல்லியே ஆணையில் இருக்கிறது. 2005-இல் வனத்துறை ஒருவழியாக விரிவான விதி கொண்டுவந்தது: மோட்டார் வண்டிகள் குறிக்கப்பட்ட பாதைகளில் மட்டும். ஆனால் பனிமேல் ஓடும் வண்டிகளுக்கு விலக்கு. ஒவ்வொரு காட்டு அதிகாரியும் விரும்பினால் வரையறுக்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். பனிமேல் போகிற வண்டி நிலத்தைத் தொடுவதில்லை, அதன் பாதிப்பு வேறு வகை என்பது இதற்கு அடியில் இருந்த தர்க்கம்.

தமிழ் படித்த எவருக்கும் இங்கே ஒரு குறுகுறுப்பு ஏற்படாமல் போகாது. நம் ஐந்திணையில் பனிக்கு நிலம் கிடையாது. அது பொழுது: முன்பனி, பின்பனி. (நமது பனி வேறு, அவர்களது உறைபனி வேறு என்பது தெரியும். வகைப்படுத்தும் முறையைத்தான் சொல்கிறேன்.) முதற்பொருளை நிலம், பொழுது என்று இரண்டாகப் பிரித்த நம் மரபில் ஒன்று மட்டும் இந்தப் பிரிப்புக்குள் அடங்காமல் நிற்கிறது, பாலை. அதற்கென்று சொந்த நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அது பாலை என்று இளங்கோ சொல்லிவிட்டார். பொழுது நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்து இன்னொரு நிலமாகிவிடுகிறது. மழை வந்தால் அந்த நிலம் காணாமல் போகும். ஆனால் இருக்கிறவரை அதற்கு அதன் தெய்வம், அதன் மாக்கள், அதன் தொழில் எல்லாம் உண்டு.

வனத்துறை பனியைப் பொழுது என்று வைத்துக்கொண்டது. அடியில் இருக்கிற மண்தான் நிலம், மேலே கிடப்பது வந்துபோகிற சமாச்சாரம். ஸ்கீக்காரர்களின் விண்டர் வைல்ட்லாண்ட்ஸ் அலயன்ஸ் அமைப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் ஐடஹோ கூட்டாட்சி நீதிமன்றம் விலக்கு செல்லாது என்றது. நிக்சனின் ஆணை பனிக்கும் பொருந்தும், வரையறுப்பது அதிகாரிகளின் விருப்பமல்ல, கடமை. 2015 ஜனவரியில் புது விதி வந்தது. பனி போதுமான அளவு விழும் ஒவ்வொரு காடும் ஸ்னோமொபைலுக்குத் திறந்த இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறிக்காத இடம் மூடிய இடம். தலைகீழ் மாற்றம் இது. முன்பு மூடினதாகச் சொல்லாத இடமெல்லாம் திறந்த இடமாக இருந்தது. பனி பொழுதுதான் என்றாலும், அந்தப் பொழுது உண்டாக்குகிற நிலத்துக்கும் வரைபடம் தேவை என்று சட்டம் ஒப்புக்கொண்டது. வேனில்கால வரைபடத்தின் மேல் குளிர்கால வரைபடம். காடுகள் ஒவ்வொன்றாக அதை வரைகின்றன. ஒவ்வொன்றிலும் சண்டை நடக்கிறது.

5

வர்க்கத்துக்கு வருவோம். நம் வாசகர்களில் பாதிப்பேருக்கு இதற்குள் மனம் ஸ்னோமொபைல்காரர் பக்கம் சாய்ந்திருக்கும். எனக்கும் அந்த ஈர்ப்பு உண்டு. ஜாக்சன், போல்டர் போன்ற பணக்கார நகரங்களின் படித்த நடுத்தர வர்க்கம் மௌனம், தனிமை, தியானம் என்று பேசுகிறது. மறுபக்கம் மர ஆலையிலும் பண்ணையிலும் வேலைபார்க்கும் சின்ன ஊர்க்காரன் வாரக்கடைசியில் பிள்ளைகுட்டிகளோடு வண்டி ஓட்டப்போகிறான். எந்த வர்க்கம் எந்த விளையாட்டைத் தேர்கிறது என்பது உடலைப் பற்றிய அவ்வர்க்கத்தின் பார்வையோடு பிணைந்தது என்று பூர்தியே 1979-இல் எழுதினார். வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மூன்று மணிநேர ஏற்றம் ருசிக்கும். வாரமெல்லாம் முதுகு ஒடிந்தவன் எஞ்சின் சுமக்கட்டும் என்கிறான். ரசனை என்று சொல்லப்படுவது ஊதியச் சீட்டின் மறுபக்கம். இன்னொன்றும் உண்டு. பல மாநிலங்களில் பனிப்பாதையைச் சமன் செய்யவும், வண்டி நிறுத்துமிடத்தில் பனி வாரவும் ஸ்னோமொபைல் பதிவுக் கட்டணமும் எரிபொருள் வரியும்தான் பணம் தருகின்றன. “நாங்க கட்டுற காசுல போட்ட பாதையில ஓசியில நடந்து வந்து எங்களையே வெளிய போங்கிறான்” என்பது அவர்கள் ஆத்திரம். இதில் உண்மை இருக்கிறது.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் நாம் ஏமாந்தோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1963-இல் முதல் ஸ்னோமொபைல்கள் நுழைந்தன. 1971 முதல் பூங்கா நிர்வாகமே பாதையைச் சமன் செய்து கொடுத்தது. 1990களில் ஒரு குளிர்கால நாளைக்குச் சராசரியாக 800 வண்டிகள் ஓடின. விடுமுறை நாட்களில் அதற்கு மிக மேலே. ஆயிலும் பெட்ரோலும் கலந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். மேற்கு வாசலில் சீட்டுக் கொடுக்கும் காவலர்கள் 2002-இல் புகைக்கு மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். தொழிலாளி என்று பேசுகிறவர்கள் அந்தக் கூண்டுக்குள் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளிண்டன் நிர்வாகம் 2000-2001இல் படிப்படியான தடையைக் கொண்டுவந்தது. ஸ்னோமொபைல் உற்பத்தியாளர் சங்கமும் வயோமிங் மாநிலமும் வழக்குப் போட, அடுத்து வந்த புஷ் நிர்வாகம் சமரசம் என்ற பெயரில் தடையை மறுபரிசீலனைக்கு எடுத்தது. மக்கள் கருத்துக் கேட்டார்கள். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பெரும்பான்மை தடையை ஆதரித்தது. தடை நீக்கப்பட்டது! 2003 டிசம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 2004 பிப்ரவரியில் வயோமிங் நீதிமன்றம் கிளிண்டன் காலத் தடையை நிறுத்தியது. இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு அரசுகள், ஒரே பனி.

2013-இல் வந்த முடிவு விதி ஒரு நாளைக்கு 110 ‘போக்குவரத்து நிகழ்வு’களை அனுமதிக்கிறது. ஒரு பனிப் பேருந்து ஒரு நிகழ்வு. வழிகாட்டியோடு சேர்ந்து போகும் ஸ்னோமொபைல் குழு ஒன்றும் ஒரு நிகழ்வு. வண்டி என்ற பொருள் நிகழ்வு என்ற கருத்தாக மாறிய விந்தையைப் பின்நவீனத்துவ நண்பர்கள் ரசிக்கலாம். ஆனால் விதி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த சத்தமும் குறைந்த புகையும் உள்ள எஞ்சின்கள்தான் உள்ளே போகின்றன. பூங்காவின் வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சின்ன ஊர், குளிர்காலப் பிழைப்பே போச்சு என்று அலறியது. ஊர் இன்னும் இருக்கிறது.

இந்தக் கதையில் ‘சாமானியன்’ எங்கே வருகிறான்? துண்டறிக்கையின் அட்டைப்படத்தில் வருகிறான். வழக்குப் போடுவது உற்பத்தியாளர். மலையேறும் புது ஸ்னோமொபைல் ஒன்றின் விலை இன்று 15,000 டாலரைத் தாண்டுகிறது. ஸ்கீ சாமான்கள் மொத்தமும் வாங்கினாலும் அதில் கால்பங்குகூட வராது. 1970களின் இறுதியில் மேற்கு மாநிலங்களில் ‘சேஜ்பிரஷ் கலகம்’ என்று ஒன்று கிளம்பியது. பொது நிலத்தை மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குப் பிடுங்கிக் கொடு என்ற அந்தக் கலகத்தோடு ரீகன் தன்னையும் சேர்த்துக்கொண்டார். 1980களின் இறுதியில் அதுவே ‘விவேகப் பயன்பாடு’ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. சுரங்கம், மரவெட்டு, மேய்ச்சல் முதலாளிகள் பின்னால் நிற்க, முன்னால் வண்டி ஓட்டும் குடும்பஸ்தன் நிறுத்தப்பட்டான். வர்க்கக் கோபம் உண்மையானது. அதை வாடகைக்கு எடுத்தவர்கள் வேறு வர்க்கம்.

என் நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை. எந்திரத்துக்கு எல்லை போட்டது சரி. காரணம், தூய இயற்கை என்கிற புனைவல்ல. தொந்தரவு ஒரு திசையில் மட்டுமே பாயும் இடத்தில் சும்மா விட்டுவிடுவது நடுநிலை ஆகாது. வலுத்தவன் பக்கம் சேர்வதாகும். இந்தக் காரணம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் ஸ்கீக்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

6

அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் யாரும் மிதிக்காத பனியை வர்ஜின் ஸ்னோ, கன்னிப்பனி என்கிறார்கள். முதல் தடம் பதிப்பது இந்த விளையாட்டின் உச்ச இன்பம். மூன்று மணிநேரம் ஏறியவர் அழுவது சத்தத்துக்காக மட்டுமல்ல, அவருக்கு முன்னால் இன்னொருத்தன் ‘தொட்டுவிட்டான்’ என்பதற்காகவும்தான். கன்னி என்ற சொல்லோடு கூடவே வரும் ஆண்மொழி, முதலில் தொட்டவனுக்கே உரிமை என்ற காலனியத் தர்க்கம் இரண்டும் இங்கே கைகோத்து நிற்கின்றன. மௌனத்தைப் பற்றிப் பேசும்போது துறவியாக இருப்பவர் தடத்தைப் பற்றிப் பேசும்போது நுகர்வோர் ஆகிவிடுகிறார். மிதிக்காத பனி ஒரு சரக்கு. ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும், அடுத்த பனிப்பொழிவில்தான் மறுபடி கடைக்கு வரும். ஸ்னோமொபைல்காரனும் இதே சரக்கைத்தான் தேடி வருகிறான். சரிவில் யார் வண்டி அதிக உயரத்தில் தடம் போட்டுத் திரும்புகிறது என்று அவர்களிடம் ஒரு போட்டியே உண்டு. ஆசை ஒன்று, வேகம்தான் இரண்டு.

காலையில் ஸ்னோமொபைலில் பத்து மைல் போய், அதை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஸ்கீயில் ஏறுபவர்களும் இப்போது நிறைய. இவர்களை எந்தக் கட்சியில் சேர்ப்பது? மின்சாரத்தில் ஓடும் ஸ்னோமொபைல்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. எஞ்சின் உறுமல் இல்லை, புகை இல்லை. அப்போது மௌனத்தின் பேரில் பேசியவர்கள் எதன் பேரில் பேசுவார்கள்? தடத்தின் பேரில் என்று நினைக்கிறேன்.

7

வயோமிங்கின் டீட்டன் மலைத்தொடரில் வளைந்த பெரிய கொம்புள்ள மலை ஆடுகள் இருக்கின்றன. மொத்தம் நூறை ஒட்டித்தான். முன்பு குளிர்காலத்தில் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவந்தவை. கீழே ஊர்களும் சாலைகளும் வந்த பிறகு இறங்குவதை விட்டுவிட்டு, காற்று பனியை அடித்துக்கொண்டு போகும் முகடுகளிலேயே எஞ்சிய புல்லைத் தின்று குளிர்காலத்தை ஓட்டுகின்றன. கழுத்துப்பட்டையில் கருவி கட்டிக் கவனித்தபோது தெரிந்தது: ஸ்கீக்காரர்கள் வரும் இடங்களை, அங்கே நல்ல தீனி இருந்தாலும், இவை விட்டு ஒதுங்கிவிடுகின்றன. எஞ்சின் இல்லை, புகை இல்லை, மயிர்ப்பட்டை உரசும் மெல்லிய சத்தம்தான். ஆட்டுக்கு அதுவே போதும். 2020-ஐ ஒட்டிச் சில சரிவுகளைக் குளிர்காலத்தில் மூடலாம் என்று பரிந்துரை வந்தது. ஸ்கீக்காரர்களில் ஒரு பகுதியினர் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு பகுதியினர் எதிர்த்தார்கள். எந்த மொழியில் எதிர்த்தார்கள்? அணுகும் உரிமை என்ற மொழியில். தலைமுறைகளாக நாங்கள் வந்துபோகும் இடம், நாங்கள் என்ன கெடுதல் செய்தோம், மலை பெரிது, எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஸ்னோமொபைல்காரரின் வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் இவர்கள் ஒப்பித்தார்கள். ஆட்டால் ஸ்கீக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை அல்லவா!

வுல்வரின் என்ற சிறு கொன்றுண்ணி பற்றி ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மலைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. மோட்டார் உள்ளது, மோட்டார் இல்லாதது என்ற இரண்டு வகைக் குளிர்கால விளையாட்டையும் அது தவிர்த்து ஒதுங்குகிறது. பாதையில் போவதைவிடப் பாதைவிட்டுத் திரிவது அதை அதிகம் விரட்டுகிறது. பெண் வுல்வரின் பிப்ரவரி, மார்ச்சில் ஆழமான பனிக்குள் குடைந்துதான் குட்டி போடும். அதற்குப் பனி வீடு.

டீட்டனுக்கும் யெல்லோஸ்டோனுக்கும் இன்னொரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. இந்த மலை ஆட்டை வேட்டையாடி, அதன் கொம்பில் வில் செய்து, இந்த மலைகளிலேயே குளிர்காலம் முழுதும் வாழ்ந்தவர்கள் ஷோஷோனி மக்களில் ஒரு பிரிவினரான துகுடிகா. பெயரின் பொருளே ஆடுண்ணிகள் என்பதுதான். 1872-இல் பூங்கா அறிவிக்கப்பட்டு, பத்தாண்டு முடிவதற்குள் அவர்களை வெளியேற்றும் வேலை தொடங்கிவிட்டது. பூங்காக் கண்காணிப்பாளர் நாரிஸ், இந்தியர்கள் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பயந்து இந்தப் பக்கமே வருவதில்லை என்ற கதையைப் பரப்பினார். 1886 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவம் பூங்காவை நிர்வகித்தது. ‘மனிதக் காலடி படாத வனாந்திரம்’ இப்படித்தான் தயாரானது. வனாந்திரம் என்பதே மனிதக் கட்டமைப்பு என்று வில்லியம் குரோனன் 1995-இல் எழுதி அமெரிக்கச் சூழலியலாளர்களின் வசவை வாங்கிக்கொண்டார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1989-இல், நம் ராமச்சந்திர குஹா இந்த வனாந்திரக் கருத்தை இந்தியாவுக்கு இறக்குமதி செய்தால் ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்கு நிலம் கைமாறுவதுதான் மிச்சம் என்று புலிப் பாதுகாப்புத் திட்டத்தை உதாரணம் காட்டி எழுதிவிட்டார். ஸ்கீக்காரரின் மௌனத்துக்கு அடியில் இந்த வெளியேற்றம் கிடக்கிறது. ஸ்னோமொபைல்காரரின் ‘எங்க தாத்தா காலத்து மலை’ என்ற பேச்சுக்கு அடியிலும் அதேதான் கிடக்கிறது. முதல் தடம் யாருடையது என்று இருவரும் அடித்துக்கொள்ளும் பனிக்கு அடியில் வேறு தடங்கள் இருக்கின்றன.

வனத்துறையின் பழைய தர்க்கத்துக்கு, பனி நிலமல்ல என்பதற்கு, முழு மறுப்பாக ஒரு விலங்கு இருந்தது. ஐடஹோ, வாஷிங்டன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றும் சந்திக்கும் செல்கர்க் மலைகளில் வாழ்ந்த மலைக் கரிபூ மான். குளிர்காலத்தில் மற்ற மான்கள் கீழே இறங்கும்போது இது மேலே ஏறும். அகன்ற குளம்புகளால் ஆழமான பனிமேல் நின்று, முதிய மரங்களின் கிளைகளில் தொங்கும் மரப்பாசியை எட்டித் தின்னும். பனி உயர உயர இன்னும் உயரமான கிளைகள் எட்டும். அதற்குப் பனிதான் தரை. அந்த ஆழத்தில் ஓநாய் தொடர முடியாது என்பது அதன் பாதுகாப்பு. ஸ்னோமொபைல் அழுத்திப்போட்ட தடம் ஓநாய்க்குச் சாலை. இந்தக் கூட்டம் அழிந்ததற்கு முதல் காரணம் முதிய காடுகளை வெட்டியது. ஸ்னோமொபைல் பிறகு வந்து சேர்ந்தது. 2006-ஐ ஒட்டி நீதிமன்றம் ஐடஹோ பகுதியில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2012-இல் ஐடஹோ மாநில ஸ்னோமொபைல் சங்கமும் ஒரு கவுண்டி நிர்வாகமும், இந்த மானை அருகிவரும் உயிர்ப் பட்டியலிலிருந்தே நீக்கும்படி மனுப் போட்டன. கூட்டனாய், கலிஸ்பெல் தொல்குடிகள் அதைக் காப்பாற்ற முன்னின்றன. 2018 வசந்தத்தில் விமானத்திலிருந்து எண்ணியபோது மூன்று பெண் மான்கள் மிச்சம். 2019 ஜனவரியில் எஞ்சிய ஒன்றைப் பிடித்து, வடக்கே ரெவல்ஸ்டோக் அருகே ஓர் அடைப்புக்குக் கொண்டுபோனார்கள்.